நங்கையாவின் இடது கால்

ராமாத்தாள் இன்றைக்கும் கத்தவில்லை. பூங்கொடி கட்டைவிரலை மடக்கி, அதன் முட்டியால் இடது பாதத்தின் நடுக்குழியில், சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் கணையம் என்று மஞ்சள் தீட்டிய அதே இடத்தில், உடம்பு எடை முழுவதையும் இறக்கி அழுத்தினாள். சாய்வு நாற்காலியில் பச்சைச் சேலையும் துளசி மாலையுமாகக் கிடந்த ராமாத்தாளோ, பழனிக்குப் போகிற வழியில் எந்தப் பந்தலில் பொங்கலுக்கு நெய் விடுவார்கள், எந்தப் பந்தலில் பேருக்கு மிளகைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்லை அழுத்தினாலாவது விரல் வலிக்கும். இந்தக் காலை அழுத்தினால் அழுத்துகிறவளுக்கும் ஒன்றும் தெரிவதில்லை, அழுத்தப்படுகிறவளுக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ஒரு காலத்தில் என்ன கத்து கத்துவாள். ராமாத்தாள் பூங்கொடியின் புருஷனுக்கு அக்கா, ஊர் வழக்கப்படி நங்கையா. முதல் தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்று, மரக்குச்சியின் மழுங்கிய முனையை இதே இடத்தில் வைத்ததும், “ஆத்தாடி, கொல்றாளே பாவி” என்று நங்கையா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். பூங்கொடி முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, “வலிச்சாத்தானுங் நங்கையா குணமாகும், அங்க கழிவு தேங்கியிருக்குதுங்” என்றாள். அன்றைக்கு ராத்திரி தட்டில் சோறு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து அந்தக் கத்தலை நினைத்து நினைத்துச் சாப்பிட்டாள். அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வெட்கமாக இல்லையா என்று தன்னையே கேட்டுப் பார்த்ததும் உண்டு. இல்லை. வெட்கம் எதற்கு? வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, ‘பாத அழுத்த நிலையம், உடல்நலத்துக்கும் மனநிம்மதிக்கும்’ என்றுதானே. யாருடைய மனநிம்மதி என்று அதில் எழுதவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அவள் நன்றாகத்தான் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, தூக்கமே வராதவள், குதிகாலைப் பிடித்துவிட்டால் குறட்டை விடுவாள். மில்லில் நின்று நின்று கால் வீங்கினவள் போகும்போது சிரித்துக்கொண்டு போவாள். அவர்களுக்கெல்லாம் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கண் மூடச் சொல்லி, பூப்போலப் பிடித்துவிடுகிற கை இந்தக் கைதான். நங்கையாவுக்கு மட்டும் மரக்குச்சி. நுரையீரல், ஈரல், சிறுநீரகம், பெருங்குடல் என்று படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, எங்கே துடிக்கிறாளோ அங்கே இன்னொரு சுற்று. இதயத்துக்கு இடது காலில்தான் இடம், ஐயோ அதை எத்தனை நாள் தேடியிருக்கிறாள், இருந்தால்தானே அகப்படும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் நங்கையாவுக்கு அது பிடித்துப் போய்விட்டது. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று நம்புகிற சாதி அவள். மாத்திரை கசக்க வேண்டும், ஊசி குத்த வேண்டும், மருமகள் அழ வேண்டும்.

“இந்தத் தடவை நான் வண்டில ஏற மாட்டேன் அம்மிணி. போன வருசம் மடத்துக்குளம் தாண்டறதுக்குள்ள கால் எரிச்சல் தாங்காம வேன்ல ஏறுனனா, எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப பாரு, எரிச்சலே இல்ல. நெருப்புல நடன்னாலும் நடப்பேன்” என்றாள் ராமாத்தாள். பூங்கொடி, “ஆமாங்” என்றாள். எரிச்சல் இல்லை. அதுதான் சங்கதி. முதலில் எரிச்சல் போயிற்று, பிறகு கத்தல் போயிற்று. ஒருநாள் குச்சியை வைத்து அழுத்துகிறாள், நங்கையா வாயைத் திறந்து கொட்டாவி விடுகிறாள். பூங்கொடிக்குத் திடுக்கென்று இருந்தது. கையில் இருந்த பண்டத்தைக் காக்கை கொத்திக்கொண்டு போன மாதிரி. இன்னும் அழுத்தினாள். தன் கைதான் வலித்தது. “பாத்தியா, வலியே இல்ல, உறுப்பெல்லாம் தெளிஞ்சு போச்சு, நீ சொன்னது செரிதான்” என்று நங்கையா குதூகலமாக எழுந்து உட்கார்ந்தாள். நீ சொன்னது சரிதான். யார் சொன்னது? பூங்கொடிதான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுதான், வலி குறைந்தால் வியாதி குறைகிறது என்று. சொல்லும்போது அழகாக இருக்கும் அந்தப் பேச்சு. ஆனால் கோயமுத்தூரில் வகுப்பெடுத்த அம்மாள் இன்னொன்றும் சொன்னாளே, மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாளே. சர்க்கரைக்காரர்கள் வந்தால் முதலில் பாதத்தை ஏந்திப் பாருங்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள், மரத்திருந்தால் தொடாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள், நாம் மருந்துக்குத் துணை, மருந்துக்குப் பதில் அல்ல. பூங்கொடி அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவள்தான். கொட்டாவி விட்ட அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அந்த நாளை வந்தது, போயிற்று. நங்கையா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொன்ன அன்று கூட வாய் வரைக்கும் வந்தது. “அப்படிங்களா” என்றுதான் வெளியே வந்தது.

துணியை வெந்நீரில் நனைத்துப் பாதத்தைத் துடைத்தாள். குதிகாலில் பித்தவெடிப்பு, அதில் அப்பிய மண். ஐந்தாறு நாளாகச் செருப்பில்லாமல் நடந்து பழகுகிறாளாம், விரதமாம். சுண்டுவிரலுக்குக் கீழே துணி எதிலோ மாட்டியது. இழுத்தால் வரவில்லை. குனிந்தாள். தடித்துப்போன தோலின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. சேற்றுக்கறை என்று நகத்தால் சுரண்டினாள், பொட்டு நகத்தில் தட்டியது, இரும்பு. நிமிர்ந்து நங்கையாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் மண்டபத்துக்காரன் ஒருத்தனைத் திட்டிக்கொண்டிருந்தது. பூங்கொடி இரண்டு நகங்களுக்கு நடுவே அந்தத் தலையைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக இழுத்தாள். வந்தது. செருப்புத் தைக்கிறவர்கள் அடிக்கிற குட்டை ஆணி. முழுசாக உள்ளே இருந்திருக்கிறது. அது இருந்த ஓட்டையிலிருந்து வெள்ளையும் சிவப்புமாக ஒரு சொட்டு வந்து நின்றது, பின்னாலேயே வாடையும் வந்தது. இழுக்கும்போது அந்தக் கால் ஒரு சின்ன நடுக்கம்கூட நடுங்கவில்லை. “ரசம்னா அது ரசமா? குளத்துத் தண்ணி!” என்றாள் ராமாத்தாள். எத்தனை நாளாக இந்த ஆணியை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறாள், கோயிலுக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும். பூங்கொடி ஆணியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். பயம்தான். நிச்சயமாகப் பயம்தான், இரக்கமாக இருக்காது.

சொல்லிவிடு. இப்போதே சொல். ஆணியைக் காட்டு, போதும், வேறு ஒரு வார்த்தை வேண்டாம். மத்தியானம் குழு கிளம்புகிறது. வெறுங்காலோடு தார் ரோட்டில், பகலெல்லாம் நடந்து, பந்தலில் படுத்து, மறுபடி நடந்து, மலையேறி. இந்த ஓட்டையோடு. பழனிக்குப் போய்ச் சேரும்போது இந்தக் கால் கால் கணக்கிலேயே இருக்காது. டீச்சரின் மாமனாருக்கு இப்படித்தான், ஒரு கொப்புளம், அப்புறம் விரல், அப்புறம் முழங்கால் வரைக்கும். பூங்கொடி ஆணியை மடியில் இருந்த துணிக்குள் சுருட்டினாள். சுருட்டின பிறகுதான் ஏன் சுருட்டினோம் என்று யோசித்தாள். காட்டினால் என்ன கேட்பாள்? இத்தனை நாள் காலைப் பிடித்தவள் நீதானே, உனக்குத் தெரியலையா என்பாள். தெரியாது என்றால் பாதம் பிடிக்கிறவளுக்கு வேலை தெரியாது என்று ஊர் சொல்லும். தெரியும் என்றால்? தெரியும் என்று எப்படிச் சொல்வது. இந்த அறைக்கு ஆள் வருவதே நங்கையாவின் வாயால்தானே. கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும், “என்ற தம்பி பொண்டாட்டி கைப்பட்டா எமனே திரும்பிப் போவான்” என்று தண்டோரா போடுவது அவள்தானே. அந்த வாய் திரும்பினால் என்ன ஆகும் என்று பூங்கொடிக்குத் தெரியாதா? அந்த வாயை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

பெண் பார்க்க வந்த அன்றே தெரியும். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், ஜடையைப் பார்த்தார்கள். நங்கையா மட்டும் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து, சேலைக் கரையைத் தன் கையாலேயே ஒதுக்கி, காலைப் பார்த்தாள். “பெருவிரலைக் காட்டிலும் அடுத்த விரல் நீளமா இருக்குதே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்படி இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்று தெரியாதவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. மாப்பிள்ளை தங்கவேலுதான், பாவம், அதெல்லாம் பரவாயில்லை என்று பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டு வந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் கீழே போயிற்று: பூங்கொடியின் கால். எருமைக்குச் சினை தங்கவில்லை: கால். தோப்பில் வண்டு விழுந்தது, அதற்கும் கால்தான், வண்டுக்கு வழி காட்டியதே அந்த நீள விரல் என்பது போல. பூங்கொடி ராத்திரியில் அந்த விரலை மடக்கிக்கொண்டு படுப்பாள், தூங்கும்போது வளர்ந்துவிடுமோ என்று. பிறகு தங்கவேலுவுக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, தலையணை உறை மஞ்சளாகி. ஆஸ்பத்திரிக்குப் போகலாமுங் என்று நங்கையாவின் காலில் விழுந்தாள். ஆமாம், இதே காலில், இந்த இடது காலில்தான் முதலில் கை பட்டது, அப்போது இது மெத்தென்று மஞ்சள் பூசி இருந்தது. “என்ற தம்பிய எனக்குப் பாக்கத் தெரியாதா? கீழாநெல்லி போதும்” என்றாள் நங்கையா. காலை இழுத்துக்கொண்டாள். அவன் வயிறு வீங்கிச் செத்தான். பந்தலில் ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது, மகள் சண்முகப்பிரியா இடுப்பில் இருக்கிறாள், குழந்தைக்கு அப்பன் செத்தது தெரியாமல் பொரியைப் பொறுக்கித் தின்கிறது. நங்கையா மாரில் அடித்துக்கொண்டு, “வந்த கால் அப்பிடி, வந்த கால் அப்பிடி” என்று அழுதாள். கீழாநெல்லி என்று யாரும் சொல்லவில்லை. பூங்கொடியும் சொல்லவில்லை. அவளுக்கே அன்றைக்குத் தன் காலைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நங்கையாவின் அந்தக் காலைத்தான் இப்போது ஏந்திப் பிடித்திருக்கிறாள். என்ன கனம். பஞ்சால் அந்தச் சொட்டை ஒற்றி எடுத்தாள், மறுபடி ஒரு சொட்டு வந்தது. மஞ்சள்தூளைக் குழைத்து அப்பினாள். ஏன் அப்புகிறோம்? ஆறட்டும் என்றா, மூடட்டும் என்றா? இதை ஏதாவது ஒரு நாள் யாராவது கேட்பார்கள். முருகன் கேட்பானோ? கேட்கட்டும், கீழாநெல்லிக்கு அவன் யாரிடம் கேட்டான். இல்லை, வேண்டாம், அப்படி நினைக்காதே, கோயிலுக்குப் போகிறவள். “அம்மிணி” என்றாள் ராமாத்தாள் திடீரென்று, குரலை இறக்கி. பூங்கொடியின் கை நின்றது. பார்த்துவிட்டாளோ? “உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இந்த நடை எனக்கு மட்டுமில்ல. நம்ம சம்முகப்பிரியாளுக்கும் சேத்தித்தான் நடக்கறேன். அவ வயித்துல ஒரு புழு பூச்சி தங்கோணும்னு வேண்டியிருக்குது. என்ற தம்பி வம்சமல்லவா. வெறுங்கால்ல வர்றேன்டா முருகா, என்ற கால எடுத்துக்கோ, அவளுக்கு ஒண்ணு குடுன்னு கேட்டிருக்கேன்.” சொல்லிவிட்டு மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நிஜமாகவே அழுதாள்.

இப்போது எதற்கு இதைச் சொல்கிறாள். பூங்கொடிக்குக் கோபம் வந்தது. நல்லவளாக இருக்க இதுவா நேரம்? முப்பது வருஷம் இருந்ததே, அதில் ஒரு நாளை எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? கண் கலங்கியது, அது வேறு கோபமாக வந்தது. சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மாமியார் வீட்டில் பேசத் தொடங்கிவிட்டார்கள், போனில் மகள் சிரிக்கிற சிரிப்பிலேயே அது தெரிகிறது. என்ற காலை எடுத்துக்கோ. அப்படிக் கேட்டாளா? கேட்டால் அவன் எடுத்துக்கொள்வானா? எடுத்துக்கொண்டால் கொடுப்பானா? சீ, என்ன கணக்கு இது. ஆனால் வேண்டுதலைப் பாதியில் நிறுத்தினால் குற்றம், அது யார் தலையில் விடியும், மகள் தலையில்தானே. அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதான் தாய்க்கு லட்சணம். பார், எவ்வளவு சுலபமாக வருகிறது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பழியாக இருந்தது, இப்போது பாசமாகிவிட்டது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பெண்ணை இதில் இழுக்காதே பூங்கொடி. வெறுக்கிறாய், வெறுப்பை வெறுப்பாகவே வைத்துக்கொள். இந்தக் காலைத் தொட்டுத் தொட்டு, கத்தலைக் கேட்டுக் கேட்டு, உன் நெஞ்சில் இருந்தது கரைந்துவிட்டது என்று நினைத்தாயே. எங்கே கரைந்தது? அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினாள். சத்தம் நின்றுவிட்டது. அடுத்த தடவை ஓடும்போது என்று முடிவு பண்ணினாள். அவர்கள் அரைத்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, அப்புறம் ஓடவே இல்லை.

வாசலில் வேன் வந்து நின்றது. சாமான்களையும் சமையல் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு குழுவோடு கூடவே போகிற வேன். பச்சைச் சேலை கட்டின இரண்டு பெண்கள் இறங்கி வந்து வாசற்படியில் நின்றார்கள். “பெரியம்மா, கிளம்பலீங்களா? அல்லாரும் கோயில்ல காத்திருக்காங்க” என்றாள் ஒருத்தி. நங்கையா நாற்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். இறங்கிய கால் தரையில் ஊன்றியது, மஞ்சள் அப்பிய இடம் தரையோடு தரையாகப் படிந்தது, அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இனி நேரமில்லை. சொன்னால் இப்போது. பூங்கொடி எழுந்தாள். மடித் துணிக்குள் ஆணி இருந்தது, கை அதன் மேல் இருந்தது. காட்டினால் நின்றுவிடுவாள், காட்டாமல் சொன்னால் நிற்க மாட்டாள். இது பூங்கொடிக்கு வெயிலும் நிழலும் போலத் தெளிவாகத் தெரிந்தது. நங்கையாவை எப்படி நடத்துவது, எப்படி நிறுத்துவது என்று அவளை விட நன்றாக அறிந்தவர்கள் இந்த ஜில்லாவில் கிடையாது. வேண்டாம் என்றால் செய்வாள். முடியாது என்றால் முடித்துக் காட்டுவாள். நாலு பேருக்கு முன்னால் சொன்னால் தலை போனாலும் செய்வாள். தண்ணீர் இல்லாத இடத்தில் கிணறு வெட்டினதும் அப்படித்தான், தம்பிக்குக் கீழாநெல்லி அரைத்ததும் அப்படித்தான். ஆஸ்பத்திரி என்று தம்பி பொண்டாட்டி சொன்னாள், அதனால் இல்லை என்றாள்.

“நங்கையா” என்று பூங்கொடி, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டாள். “நடக்க வேண்டாமுங். உங்களால ஆகாதுங், வயசாயிருச்சு. காலுல சின்னதா ஒரு புண்ணுமாட்டத் தெரியுது. டாக்டர்கிட்டக் காட்டீட்டு, அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்.”

ராமாத்தாள் திரும்பிப் பார்த்தாள். பூங்கொடி அந்தப் பார்வையை எதிர்பார்த்து நின்றாள், அது வந்தது. “ஆகாதா? யாரால? என்னாலயா?” என்றாள் நங்கையா. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். “கேட்டீங்களாடி? காலக் குணப்படுத்துனதும் இவதான், நடக்காதேங்கறதும் இவதான். புண்ணாம். புண்ணுன்னா வலிக்காதா? ஒரு பொட்டு வலி இல்ல. உன்ற கைமேல உனக்கே நம்பிக்கை இல்லியா அம்மிணி?” பெண்களும் சிரித்தார்கள். இளையவள் மட்டும், “ஒரு எட்டு ஆஸ்பத்திரில காட்டீட்டே போலாமுங்களே பெரியம்மா” என்று இழுத்தாள். பூங்கொடி அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். நங்கையா போகிற போக்கில் பூங்கொடியின் தலையில் கையை வைத்து, “பயப்படாத. உன்ற மகளுக்குப் பிரசாதம் கொண்டாறேன்” என்றாள். படியிறங்கினாள். இடது காலைத்தான் முதலில் வைத்தாள். வாசலில் ஜல்லி கொட்டியிருந்தது, மற்ற இரண்டு பெண்களும் முனகிக்கொண்டு ஓரமாகப் போனார்கள், ராமாத்தாள் நட்ட நடுவே மிதித்துக்கொண்டு மகாராணியாக நடந்தாள். “அரோகரா!” என்றது வேன். நடப்பவர்களுக்குப் பின்னால் மெல்லக் கிளம்பியது.

பூங்கொடி உள்ளே வந்தாள். வெந்நீர்ச் சட்டியைக் கொல்லையில் ஊற்றினாள். துணியை உதறி ஆணியைக் குப்பைக்கூடையில் போட்டாள். நாற்காலிக்கு அடியில் மஞ்சளாக ஒரு சுவடு இருந்தது, ஈரத்துணியால் துடைத்தாள், வாடை போகவில்லை, பினாயில் விட்டுத் துடைத்தாள். கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். கண்ணாடியில் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும், நங்கையாவின் மகன் வருவான், சொந்தக்காரர்கள் வருவார்கள், அந்த இளையவளும் வருவாள், சாட்சிக்கு அவள் போதும். “நான் சொன்னேனுங், அவங்கதான் கேக்கலீங்” என்று பூங்கொடி கண்ணாடியைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது. அவங்கதான் என்று வரும்போது குரல் கொஞ்சம் உடைந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மறுபடி சொன்னாள். உடைந்தது.